பூத்தது, வியர்த்தது, குழைந்தது: பினாங்குச் சூட்டில் இயற்கை மெழுகுக் கலவையைச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

"இது என்னம்மா, பூசணம் பூத்த மாதிரி இருக்கு?"

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடி ஆன்ட்டி, நான் செய்த மெழுகுவர்த்திக் குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார். "பூசணம் இல்ல ஆன்ட்டி, சோயா மெழுகு அப்படித்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. "அப்போ போன வாரம் குடுத்தது மட்டும் எப்படி வழவழன்னு இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டும் ஒரே பானையில் காய்ச்சி, ஒரே மாலையில் ஊற்றியவை. முதலாவதை மறுநாளே அவரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டாவது எங்கள் ஹாலில் ஜன்னலோரம் ஒரு வாரம் கிடந்தது. அந்த ஒரு வாரம்தான் வித்தியாசம் என்று புரிய இன்னும் மூன்று நான்கு பானை மெழுகு வீணாக வேண்டியிருந்தது.

நாம் படிக்கும் மெழுகுக் குறிப்புகளில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியவை. பினாங்கில் மதியம் 31, 32 டிகிரி, இரவில் 24, 25. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி. நடுவில் ஏர்கோன் போட்டு அணைக்கிறோம். குறிப்பில் மெழுகு, வாசனை, திரி மூன்றும் இருக்கும். நம் வீட்டுச் சூடு இருக்காது. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தச் சூட்டில் போய்த்தான் முடிகின்றன. ஆகவே ஏதாவது கெட்டுப்போனால், மெழுகை மாற்றும் முன் அது இருந்த இடத்தைப் பாருங்கள்.

எது எந்தச் சூட்டில் உருகும்

குவளைக்கென்று விற்கும் சோயா மெழுகு ஏறத்தாழ 46 முதல் 54 டிகிரிக்குள் உருகிவிடும். மென்மையானது, வாசனையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பூக்கும் குணம் (மேலே வெள்ளையாகப் படிகம் கட்டுவது) உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுகிறது, அதாவது நம் சமையலறையில் அது உறைவதே இல்லை. ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கினாலும் 33 முதல் 36 டிகிரி வரைதான் தாங்கும். கடையில் "தேங்காய் மெழுகு" என்று வருவது பெரும்பாலும் வேறு மெழுகு கலந்தது. அதனால் பொட்டலத்தில் உருகுநிலை என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். போடவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாது என்றால் வாங்காதீர்கள்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி. கெட்டி, பிசுபிசுப்பு அதிகம், ஆறும்போது நன்றாகச் சுருங்கும். மெழுகுவர்த்திக்கென்று வரும் செம்பனை மெழுகு 55 முதல் 60 டிகிரி வாக்கில் உருகும். நம் நாட்டுச் சரக்கு என்பதால் விலையும் கட்டுப்படியாகும். மலாயாவில் செம்பனையை வணிகத்துக்காக முதலில் நட்டது 1917இல், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! இரண்டையும் ஒரே பானையில் போடும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

கொழுப்பில் இருந்து எடுக்கும் ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி, ஒரு வகைப் பனை ஓலையில் இருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு 82 முதல் 86. இவை கெட்டிப்படுத்த ஒரு சிட்டிகை மாதிரி சேர்ப்பவை. குவளை மெழுகுக்கு இவற்றின் தேவை குறைவு.

ஒரு விஷயம் மட்டும் கணக்குக்கு அடங்காது. 35 டிகிரி கொழுப்பையும் 55 டிகிரி கொழுப்பையும் பாதிப்பாதி கலந்தால் 45 டிகிரி வரும் என்று நினைப்போம். வராது. தேங்காய்க் கொழுப்பும் செம்பனைக் கொழுப்பும் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காதவை. கலந்தால் நாம் எதிர்பார்த்ததைவிட இளகலாகவே நிற்கும். சாக்லேட் செய்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆகவே தேங்காயை "இன்னும் கொஞ்சம்" என்று கூட்டுமுன் யோசியுங்கள்.

அடிப்படைக் கலவை

பல தடவை மாற்றி மாற்றி, கடைசியில் எங்கள் வீட்டுச் சூட்டுக்கு ஒத்துவந்தது இது. 500 கிராமுக்குக் குவளை சோயா 350, செம்பனை மெழுகு 75, தேன்மெழுகு 50, தேங்காய் மெழுகு 25. வாசனை எண்ணெய் மெழுகின் எடையில் 7 விழுக்காடு, அதாவது 35 கிராம். 7 செண்டிமீட்டர் வாய் அகலமுள்ள 200 மில்லி குவளை மூன்றுக்குச் சரியாக இருக்கும். 200 மில்லி தண்ணீர் கொள்ளும் குவளை விளிம்புவரை 180 கிராம் மெழுகுதான் கொள்ளும், ஏனென்றால் மெழுகு தண்ணீரைவிட லேசு. எல்லாவற்றையும் எடை போடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் ஒரு கிராம் தராசும், குத்திப் பார்க்கும் வெப்பமானியும் போதும்.

காய்ச்சுவது நேரடித் தீயில் வேண்டாம். பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் மெழுகுப் பாத்திரம். தேன்மெழுகும் செம்பனையும் முதலில், அவை உருகியதும் சோயா, தேங்காய் கடைசியில். 80, 85 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, 80இல் வாசனையை ஊற்றி, இரண்டு முழு நிமிடம் மெதுவாகக் கிண்டவேண்டும். வேகமாகக் கிண்டினால் காற்றுக் குமிழி உள்ளே போகும். பிறகு 60 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருந்து ஊற்றுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, அறைச் சூடு, ஊற்றிய சூடு, திரி எண் (திரியின் அளவைச் சொல்லும் எண்), வாசனை எத்தனை கிராம், எங்கே வைத்து ஆறவைத்தேன். சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் இது இல்லாமல் கீழே உள்ள எதையும் சரிசெய்ய முடியாது. இன்னொன்று: ஒரு பானைக்கு ஒரு மாற்றம்தான். திரியையும் வாசனையையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டால்

ஆன்ட்டி கேட்ட கேள்விக்கு வருவோம். நெய் காய்ச்சும் வீடு என்றால் உங்களுக்கு இது முன்பே தெரியும். அதே வெண்ணெய், அதே அடுப்பு, ஆனால் சில தடவை நெய் வழவழவென்று உறையும், சில தடவை மணல் மணலாக உறையும். கொழுப்பு உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒரே விதமாக அடுக்கிக்கொள்வதில்லை. அவசரமாக அடுக்கிய அடுக்கு நிலையாக நிற்காது. நாள் ஆக ஆக, முக்கியமாகச் சூடும் குளிரும் மாறி மாறி வந்தால், இன்னும் நெருக்கமான அடுக்குக்கு மாறிக்கொள்ளும். அப்படி மாறும்போது வளரும் படிகங்கள்தான் கண்ணாடி ஓரத்தில் பனிப்பூ மாதிரித் தெரிகின்றன. காரில் உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டின் மேல் வரும் வெள்ளைப் படலமும் இதே ஜாதி.

சோயாவுக்கு இந்தக் குணம் அதிகம். செம்பனைக் கொழுப்பு நுண்ணிய படிகத்திலேயே நின்றுவிடப் பார்க்கும். மார்ஜரின் மணல் மணலாக ஆகாமலிருக்க அதில் செம்பனை எண்ணெய் சேர்ப்பதற்கும் இது ஒரு காரணம். என் கலவையில் 75 கிராம் செம்பனை இருப்பது இதற்காகத்தான்.

நான் செய்த சோதனையைச் சொல்கிறேன். ஒரே பானையில் இருந்து மூன்று குவளை ஊற்றினேன். ஒன்று ஹாலில் விசிறிக்குக் கீழே, ஒன்று ஏர்கோன் அறையில், ஒன்று சமையலறை அலமாரிக்குள் கதவைச் சாத்தி. மறுநாள் காலை ஏர்கோன் குவளையில் மெழுகு கண்ணாடியை விட்டு அங்கங்கே விலகியிருந்தது. ஹால் குவளை அன்றைக்கு அழகாக இருந்தது, ஆறாம் நாள் ஓரமெல்லாம் பூத்தது. அலமாரிக் குவளையில் இரண்டு வாரம் கழித்தும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு ஒரே ஒரு பூ. அலமாரிக்குள் பகல் 29, இரவு 27. ஏறி இறங்குவது அவ்வளவுதான்.

ஆகவே செய்யவேண்டியது: குவளைகளை ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டு அலமாரியிலோ, மூடிய அட்டைப் பெட்டியிலோ வைத்து ஆறவிடுங்கள். உறைந்த பிறகும் அங்கேயே இருக்கட்டும். அப்படியும் பூத்தால் ஊற்றும் சூட்டை இரண்டிரண்டு டிகிரியாகக் குறைத்துப் பாருங்கள். அடர்ந்த நிறம் போட்டால் பூ பளிச்சென்று தெரியும், வெள்ளை மெழுகில் கண்ணுக்கே படாது. நான் நிறம் போடுவதையே விட்டுவிட்டேன்.

முடி உலர்த்தும் கருவியால் மேலே சூடு காட்டினால் பூ மறையும். இரண்டு நாளில் திரும்பி வரும். படம் எடுப்பதற்கு மட்டும் உதவும்.

உண்மையான பூசணமா என்ற சந்தேகம் வந்தால், விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். பூத்த மெழுகில் ஈர வாடை இருக்காது, பஞ்சு மாதிரி ஒட்டவும் ஒட்டாது. மெழுகில் தண்ணீர் இல்லாததால் அதில் பூசணம் வளர வழியில்லை. ஆனால் அழகுக்காக மேலே ஒட்டிய காய்ந்த ரோஜா இதழ், மல்லிகை இவற்றில் நம் ஊர் ஈரத்தில் பூசணம் வரும். தீயும் பிடிக்கும். எனக்கு அந்த அலங்காரமே பிடிக்காது.

மேலே முத்து முத்தாக வியர்த்தால்

முதலில் அது தண்ணீரா, எண்ணெயா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு டிஷ்யூத் தாளால் ஒற்றி எடுத்து விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் வையுங்கள். காய்ந்து தடம் இல்லாமல் போனால் தண்ணீர். பஜ்ஜி வைத்த தாள் மாதிரி ஒளி ஊடுருவும் கறை நின்றால் வாசனை எண்ணெய்.

தண்ணீர் என்றால் கோளாறே இல்லை. ஏர்கோன் அறையில் குளிர்ந்த குவளையை ஹாலுக்குக் கொண்டுவந்தால், ஐஸ் தேநீர்க் கிளாஸ் வெளியே வியர்ப்பதைப் போல அதுவும் வியர்க்கும். துடைத்துவிட்டு, திரி காய்ந்த பிறகு ஏற்றுங்கள். ஈரத்திரி படபடவென்று வெடிக்கும்.

எண்ணெய் என்றால் மூன்று காரணம் இருக்கலாம். தாங்கும் அளவுக்கு மேல் வாசனை போட்டிருக்கலாம். நிறையப் பேர் 12 விழுக்காடு போட்டால் மணம் தூக்கும் என்று நினைக்கிறார்கள். மெழுகு குடிக்காததை வெளியே தள்ளிவிடும், மணமும் கூடாது, திரியும் அடைத்துக்கொள்ளும். நம் சூட்டில் 6 முதல் 8 போதும். அல்லது மெழுகு 65 டிகிரிக்கு இறங்கிய பிறகு வாசனையை ஊற்றி அரை நிமிடம் கிண்டியிருப்பீர்கள். அல்லது கலவையில் இளகிய கொழுப்பு அதிகமாகி, மதியச் சூட்டில் அதுவே உருகி மேலே வந்திருக்கும். மூன்றாவதற்குத் தேங்காயைப் பாதியாக்கி, அந்த எடைக்குத் தேன்மெழுகு சேர்த்தால் சரியாகிவிடும்.

குழைந்துபோய் உறையாமல் நின்றால்

எனக்குப் பெரிய நஷ்டம் தந்தது இதுதான். தேங்காய் மெழுகு 40 விழுக்காடு போட்டு இருபது குவளை செய்தேன். வீட்டில் பார்க்க வெண்ணெய் மாதிரி அழகு. பட்டர்வொர்த்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டுபோனோம், வழியில் பசியாறக் காரைத் திறந்தவெளியில் நிறுத்தினோம். வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் இருபது குவளையிலும் எண்ணெய், அதில் திரிகள் படுத்திருக்கின்றன. கல்யாணப் பெண்ணின் அத்தை "சாம்பார் ஊத்திக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்.

50 டிகிரியில் என் இப்போதைய கலவையும் இளகும். ஆகவே காரில் போவது என்றால் ஐஸ் பெட்டிக்குள், ஐஸ் இல்லாமல் வைத்து எடுத்துப் போகிறேன். சூடு உள்ளே போக நேரமாகும், அது போதும்.

வீட்டிலேயே விரலால் அழுத்தினால் குழி விழும் என்றால், அந்த மெழுகைத் திரும்ப உருக்கி, 100 கிராமுக்கு 5 கிராம் வீதம் தேன்மெழுகு சேர்த்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் மட்டும் ஊற்றி மதியம் இரண்டு மணிக்கு அழுத்திப் பாருங்கள். காலையில் செய்யும் சோதனை செல்லாது. தேன்மெழுகு கூடினால் திரியும் ஒரு எண் பெரிதாக வேண்டிவரும் என்பதை மறக்கக் கூடாது.

தனித்து நிற்கும் மெழுகுவர்த்தி வேறு கதை. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும் ஒரு தோழி, குவளை இல்லாமல் நெட்டையாக ஒன்று செய்து கேட்டாள். குவளை சோயாவில் அது நடக்கவே நடக்காது. மாலைக்குள் வளைந்துவிடும். அதற்குத் தேன்மெழுகு மட்டும் அல்லது செம்பனை மெழுகோடு சிறிது ஸ்டியரிக் அமிலம் என்று போகவேண்டும்.

கட்டி, மணல், அடியில் படிவு

தேன்மெழுகு கலந்தவர்களுக்கு வருவது இது. மெழுகை 65 டிகிரி வரைதான் சூடாக்கியிருப்பீர்கள், தேன்மெழுகு முழுதாகக் கலந்திருக்காது. அல்லது குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றியிருப்பீர்கள், கண்ணாடியைத் தொட்டதும் தேன்மெழுகு முந்திக்கொண்டு உறைந்திருக்கும். மறுபடி 80க்குக் கொண்டுபோய், குவளையை 40 டிகிரி அளவுக்கு லேசாகச் சூடாக்கி ஊற்றுங்கள்.

தேன் விற்பவர்களிடம் வாங்கும் கச்சா தேன்மெழுகில் தேனும் தூசியும் நீரும் இருக்கும். தண்ணீரோடு சேர்த்து உருக்கி, மல் துணியில் வடிகட்டி, அப்படியே ஆறவிட்டால் மேலே வட்டமாக உறையும். எடுத்து, அடிப்பக்கத்து அழுக்கைச் சுரண்டிவிட்டு, ஒரு நாள் காயவைத்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். இந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டால் திரி அடைத்து, ஏற்றிய அரை மணியில் சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கும்.

நடுவில் குழி, கண்ணாடியில் திட்டு

திரியைச் சுற்றிக் குழி விழுந்தால் மேற்பரப்பு முதலில் உறைந்து, உள்ளே பிறகு சுருங்கியது என்று அர்த்தம். மேலே தோல் கட்டிய நேரத்தில் சாத்தே குச்சியால் திரியைச் சுற்றி மூன்று துளை போட்டு, மிச்சம் வைத்த மெழுகை முதலில் ஊற்றியதைவிட ஐந்து டிகிரி கூடுதல் சூட்டில் மெல்லிய படலமாக ஊற்றினால் மட்டமாகிவிடும். இதற்காகவே ஒவ்வொரு பானையிலும் 30 கிராம் மிச்சம் வைப்பேன்.

கண்ணாடியில் ஈரம்பட்ட மாதிரித் தெரியும் திட்டு, மெழுகு அந்த இடத்தில் பிடி விட்டதன் அடையாளம். குவளையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, லேசாகச் சூடாக்கினால் குறையும். முழுதாகப் போகாது. எரிவதற்கும் மணத்துக்கும் இதனால் ஒன்றும் குறைவில்லை. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

திரி

மெழுகைக் குறை சொல்லி நான் வீணாக்கிய நாட்களில் பாதி, குற்றம் திரியில் இருந்தது. நடுவில் கிணறு மாதிரிக் குடைந்து, ஓரத்தில் மெழுகு அப்படியே நிற்கிறதா? திரி சிறிது. சுடர் ஆடி, கரி பிடித்து, திரி நுனியில் காளான் மாதிரிக் கட்டுகிறதா? திரி பெரிது, அல்லது நீளம் அதிகம். சுடர் தன் மெழுகிலேயே மூழ்கி அணைகிறதா? திரி சிறிது, அல்லது அடைத்துவிட்டது.

சோதனை இப்படி. ஒரே மெழுகு, ஒரே குவளை, அடுத்தடுத்த எண் கொண்ட மூன்று திரி. ஊற்றிய குவளை மூடியோடு இரண்டு வாரம் இருந்து பதப்பட்ட பிறகு, திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டி, விசிறியை அணைத்துவிட்டு மூன்றையும் ஒன்றாக ஏற்றுங்கள். 7 செண்டிமீட்டர் குவளையில் உருகிய குளம் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் ஓரத்தைத் தொடவேண்டும். ஒரு மணி நேரத்திலேயே தொட்டுவிட்டால் அந்தத் திரி பெரிது. நான்காம் மணியில் ஒரு குச்சியை விட்டுக் குளத்தின் ஆழம் பாருங்கள். 6 முதல் 12 மில்லிமீட்டர் என்றால் நல்லது. குவளையின் வெளிப்பக்கத்தில் கை வைத்து ஐந்து எண்ண முடியவில்லை என்றால் அந்தத் திரியை விட்டுவிடுங்கள். நான்கு மணியில் அணைத்து, முழுதாக ஆறவிட்டு, வெட்டி, மறுபடி ஏற்றவேண்டும். குவளை தீரும்வரை இப்படியே. முதல் ஏற்றலில் மந்தமாக இருக்கும் திரி பாதிக்குக் கீழே போனதும் ஆவேசமாக எரிவதைப் பார்த்திருக்கிறேன். குவளையின் ஆழத்தில் சூடு தேங்குவதுதான் காரணம். முதல் நாள் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

திரி விற்பவர் தரும் அட்டவணை குளிர்நாட்டு அறைக்கானது. நம் அறையில் மெழுகு ஏற்கெனவே பத்து டிகிரி சூடாக இருக்கிறது, உருக்கக் குறைந்த நெருப்பே போதும். சோயா அதிகமுள்ள கலவைக்கு அட்டவணை சொல்வதற்கு ஒரு எண் சிறியதில் இருந்து தொடங்குகிறேன். தேன்மெழுகு 10 விழுக்காட்டைத் தாண்டினால் அட்டவணை எண்ணிலேயே.

குத்துவிளக்குத் திரி போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். எண்ணெய் விளக்கில் அது ஓரத்தில் படுத்து எரிகிறது. குவளையில் நிமிர்ந்து நிற்கவேண்டும், எரிய எரியத் தலை வளைந்து சாம்பலாக வேண்டும். முறுக்கிய பஞ்சு அதைச் செய்யாது. பின்னிய திரியே வாங்குங்கள்.

விளக்கு என்றதும் இன்னொன்று. பித்தளைக் கிண்ணத்தில் மெழுகு ஊற்றினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஒரு மாதத்தில் ஓரம் பச்சையாகிவிடும். துலக்காத விளக்கில் எண்ணெய் நின்று களிம்பு ஏறுவது போலத்தான். மெழுகில் இருக்கும் கொழுப்பு அமிலமும் செம்பும் சேரும் வேலை அது, ஸ்டியரிக் அமிலம் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். பித்தளை ஆசை இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கிவிடுங்கள்.

மணமே வரவில்லை

பதப்படுத்தாமல் ஏற்றியிருப்பீர்கள். சோயா கலவைக்கு மூடி போட்டு இரண்டு வாரம் தேவை. தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே ஊற்றிவிடுங்கள். முந்தின வாரம் ஊற்றிவிட்டு வாசனை எண்ணெய் விற்றவரைத் திட்டக் கூடாது.

பதப்படுத்தியும் வரவில்லை என்றால் திரி சிறிதா என்று பாருங்கள். மணம் உருகிய குளத்தில் இருந்து எழுகிறது, குளம் சிறிதானால் மணமும் சிறிது. தேன்மெழுகு அதிகமானாலும் மணம் அமுங்கும்.

நம் ஆட்கள் செய்யும் சில தவறுகள் உண்டு. பன்னீர் ஊற்றுவது: அது தண்ணீர், சூடான மெழுகில் வெடித்துத் தெறிக்கும். சாம்பிராணித் தூள், சந்தனத் தூள் கலப்பது: கரையாது, அடியில் படிந்து திரியை அடைக்கும். குச்சி வைத்த வாசனைப் புட்டியின் திரவத்தை ஊற்றுவது: அதில் இருக்கும் கரைப்பான் மெழுகோடு சேராது, ஆல்கஹால் இருந்தால் தீயும் பிடிக்கும். சந்தனமோ மல்லியோ, மெழுகுவர்த்திக்கென்று வரும் வாசனை எண்ணெயையே வாங்குங்கள். வெனிலா கலந்த எதுவும் நாளாவட்டத்தில் மெழுகைப் பழுப்பாக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

கெட்டுப்போனால் மூக்குக்குத் தெரியும். பழைய எண்ணெய்ப் பலகாரத்தின் சிக்கு வாடை அடிக்கும். சமையல் எண்ணெய் கலந்தாலோ, மெழுகை 100 டிகிரிக்கு மேல் நெடுநேரம் காய்ச்சினாலோ, திறந்து போட்ட பொட்டலம் வெயில் பட்டாலோ இப்படி ஆகும். எந்த வாசனையாலும் இதை மூடி மறைக்க முடியாது.

தீ

காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகராதீர்கள், போன் வந்தாலும் சரி. மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடியில் போன தண்ணீர் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரைவரை தூக்கியடிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடி, அப்படியே விடுங்கள். திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். கைமீறினால் வெளியேறி 999. மூடியைப் பக்கத்திலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

குவளைக்கு மெல்லிய கண்ணாடி வேண்டாம், சூட்டில் விரிசல் விடும். அடியில் ஒரு செண்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிடுமாறு வாங்குபவர்களிடம் சொல்லுங்கள்.

மீந்ததும் கெட்டதும்

வாசனை போட்ட மெழுகை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை திரும்ப உருக்கலாம். அதற்குமேல் மணம் போய்விடும். எந்த விகிதம் என்று தெரியாத மிச்சங்களை ஒன்றாகக் கலந்து புதுக் குவளை ஊற்றாதீர்கள், அதற்குத் திரி கண்டுபிடிக்கவே முடியாது. கழுவுதொட்டியிலும் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் உறைந்துவிட்டால் மேல்வீடு கீழ்வீடு எல்லோரும் உங்கள் கதவைத் தட்டுவார்கள். பாத்திரத்தைச் சூடு இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு சோப்பு.

மிச்சத்தை நான் முட்டை அட்டையின் குழிகளில் ஊற்றுகிறேன். முதலில் குழிக்குள் கொஞ்சம் தேங்காய் நாரைத் திணித்து, அதன்மேல் மெழுகு. ஆறியதும் ஒவ்வொரு குழியாகக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். வெளியே கரி அடுப்பில் கோழி சுடும்போது ஒரு துண்டைக் கரிக்கு அடியில் வைத்துப் பற்றவைத்தால், மண்ணெண்ணெய் இல்லாமலே கரி பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் மாடி ஆன்ட்டி இப்போது குவளை வாங்குவதைக் குறைத்துவிட்டு, இதைத்தான் டஜன் கணக்கில் கேட்கிறார்.